சாலையின் இடப்பக்கம்

பிப்ரவரி 27, செவ்வாய்

நாள் முழுவதும் மழை. வெளியே அல்ல, காதுக்குள். ஒரு தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயம் முழுக்க மழையிலேயே நடக்கிறது. காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. ‘மழை’ என்று ஒருமுறை போட்டுவிட்டுப் பேச்சுக்குப் போய்விட்டேன். மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார். “மழை நின்னுச்சா இல்லையான்னு பாக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

நியாயம்தான். ‘மழை தொடர்கிறது.’ ‘மழை தொடர்கிறது.’ மாலைக்குள் அந்தச் சொல்லில் ஈரமே இல்லை.

அக்கா போன் செய்தாள். “ஞாயித்துக்கிழமை காலையில ரெடியா இரு. உக்காந்து உக்காந்து உனக்குத் தொப்பை விழுந்துருச்சு.” வருகிறாயா என்று கேட்கவில்லை. அவள் கேட்பதில்லை.

மார்ச் 2, சனி

சைக்கிளைத் துடைத்தேன். சங்கிலிக்கு எண்ணெய்.

அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றால் ஒரு கார், அதன் கூரையில் ஒரு பலகை, அப்புறம் அக்கா. இந்த ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடித்தவர்கள். நான் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. “என் தம்பிக்குக் கார் ஓட்டத் தெரியாதுன்னு வெளியே மூச்சு விட்டுறாதே” என்பாள், எல்லோர் முன்னாலும், சத்தமாக.

சைக்கிளிலும் அவள்தான் முன்னால். நான் அவளுடைய பின்சக்கரத்தை ஒட்டி வருவேன். காற்று முகத்தில் அறையாது. ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் சாலை தெரியாது. அதனால் அவள் கை காட்டுவாள். வலப்பக்கம் குழி என்றால் வலக்கை தாழ்ந்து தரையைச் சுட்டும். இடப்பக்கம் என்றால் இடக்கை. கண்ணாடித் துண்டுகள் கிடந்தால் விரல்கள் உதறும். நிற்கப்போகிறாள் என்றால் முதுகுக்குப் பின்னால் மூடிய முட்டி. நான் சாலையைப் பார்ப்பதே இல்லை. அவள் முதுகைப் பார்க்கிறேன். யோசித்துக்கொண்டு போக வசதி.

மார்ச் 3, ஞாயிறு

இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான் இடதுகைக்காரன். இதை வலக்கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கிறது. போதும்.

மார்ச் 5, செவ்வாய்

விடுப்பு. நேரம் நிறைய. வலக்கைக்கு வேகம் இல்லை. அலங்காரங்களை அதுவே விட்டுவிடுகிறது. நல்லதுதான்.

ஞாயிறு நடந்ததை எழுதிவைக்க வேண்டும்.

விடியும்போதே கிளம்பினோம். கடைசித் தெருவிளக்கைத் தாண்டியதும் வயல்கள். சூரியகாந்திகள் இன்னும் பூக்கவில்லை. பச்சை முட்டிகள்போல் நின்றன. அக்கா முன்னால், நான் பின்னால். வலக்கை தாழ்ந்தது: குழி. வலக்கை உதறியது: ஜல்லி. எல்லாம் முறைப்படி. வாய்க்கால் பாலம் வரை போய், ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றோம். அத்தானைப் பற்றிச் சிரித்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். “ஊரையே மேலயும் கீழயும் அனுப்புவாரு. வீட்டு மாடி ஏறச் சொன்னா மூட்டு வலிக்குதும்பாரு.”

திரும்பும்போதுதான் ஒவ்வொன்றாகக் கோணலாயிற்று.

வாய்க்காலை விட்டு இடப்பக்கம் பிரியும் குறுக்குச் சாலையில் திரும்ப வேண்டும். அக்கா நேராகப் போனாள். போர்வை அகலத்துக்கு ஒரு வழிகாட்டிப் பலகை இருந்தது, எனக்கே தெரிந்தது. வேண்டுமென்றே சுற்றிப் போகிறாள்போல என்று நினைத்தேன். கேட்கவில்லை. சிமெண்ட் ஆலையின் சுவர் வந்ததும் நின்றாள். “திருப்பத்தை விட்டுட்டோம். ஒரு போர்டு வெக்க மாட்டானுங்களா?” அவளுக்குப் பதில் சொல்வது வெயிலில் ஆகாத காரியம்.

தண்ணீர் தீர்ந்தது. ஒரு பண்ணை வாசலில் இடப்பக்கமிருந்து நாய் பாய்ந்து வந்தது. அக்கா நடுங்கிப்போனாள், சைக்கிள் பாம்புபோல் நெளிந்தது. நாய்க்கெல்லாம் பயப்படுகிறவள் அல்ல. நாய்தான் அவளைவிட அதிகமாகப் பயந்து திரும்பி ஓடியது.

பிறகு காற்று. வயல்களைத் தாண்டி வலப்பக்கமிருந்து அடித்தது. பக்கக் காற்றென்றால் முன்னால் போகிறவரின் நிழலில், மறுபக்கமாகச் சற்று ஒதுங்கி வர வேண்டும். நான் அவள் சக்கரத்துக்கு இடப்பக்கமாக ஒதுங்கினேன். குனிந்தேன். எதைப் பற்றியோ யோசித்தேன்.

முதலில் வானம் தெரிந்தது. பிறகு ஈர மண்ணின் வாசனை. பிறகு என்மேல் என் சைக்கிள், அதன் சக்கரம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். சாலையின் இடது ஓரத்தில், நீளமாக. கரையில் மண்மேடு, வெள்ளை அடித்த கற்கள். அக்கா திரும்பி வந்து விளிம்பில் நின்றாள். என்னைப் பார்ப்பதற்கு முன்பு பள்ளத்தைத்தான் பார்த்தாள்.

“இது எங்கேருந்து வந்துச்சு?”

ஏதோ பள்ளம் பஸ் பிடித்து வந்ததுபோல. வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

“கனவு கண்டுட்டே வந்தியா? கையைக் காட்டினேன்ல?”

“காட்டலக்கா.”

“காட்டாம இருப்பேனா? எத்தனை வருஷமா ரோட்டுல கிடக்குறேன், எனக்குப் பள்ளம் தெரியாதா?”

ஒரு பால் வண்டிக்காரர் நிறுத்தினார். கேன்களுக்கு நடுவே சைக்கிள்களை ஏற்றினார். “யாரு யாரை இடிச்சாங்க?” என்று கேட்டார்.

“இவன் பூமியை இடிச்சுட்டான்” என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரி வரை என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். திட்டிக்கொண்டும்.

மார்ச் 6, புதன்

அத்தான் டப்பாவில் சூப் கொண்டுவந்தார். அக்கா வாயால் மன்னிப்புக் கேட்டதில்லை. டப்பாவில் அனுப்புவாள். அப்படியென்றால் கை காட்டவில்லை என்று அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டதா? அல்லது இது வெறும் சூப்தானா?

மார்ச் 9, சனி

அலுவலகத்தில் ஒற்றைக் கையால் தட்டச்சு. பாத்திரங்கள் பேசி முடித்து, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடுகிறார்கள். நான் இன்னும் முதல் வாக்கியத்தில். மேற்பார்வையாளர் எனக்கு ஒரு மௌனப் படம் தேடித் தருவதாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் காட்டியிருப்பாள். நான்தான் கவனித்திருக்க மாட்டேன். அதுதான் என் சுபாவம். இந்த முடிவில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யார்மேலும் கோபப்பட வேண்டியதில்லை.

மார்ச் 16, சனி

மாவுக்கட்டைச் சோதிக்கப் போக வேண்டியிருந்தது. “கிளாஸ் அந்தப் பக்கம்தான் போகுது, பின்னாடி ஏறிக்கோ” என்றாள் அக்கா. கற்பவர் ஒரு தையல்காரர், நடுவயது, ஸ்டியரிங்கைத் துணி மடிப்புபோல் விரல் நுனிகளால் பிடித்திருந்தார். அவர் வலப்பக்கம், அக்கா இடப்பக்கம். அக்காவின் காலடியில் அவளுக்கென்று இன்னொரு பிரேக்.

“அண்ணே, இது தையல் மெஷின் இல்ல. அவ்வளவு மிதிக்காதீங்க.”

“மெஷினா இருந்தா கோணலா போனாலும் பிரிச்சுத் தைச்சுக்கலாம் மேடம்.”

“இங்க பிரிச்சா நம்மளைத்தான் தைப்பாங்க. பாத்து ஓட்டுங்க.”

இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகிறது. பின்னால் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். கடைத்தெரு முனையில் இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். அவர் மெல்லத் திருப்பினார் – சட்டென்று பிரேக். என் நெற்றி முன்சீட்டில் மோதியது.

“எதுக்கு இப்ப பிரேக்கு? ரோடு காலியாத்தானே இருக்கு?” என்றாள் அக்கா.

முன்சக்கரத்தை உரசும் தூரத்தில், இடப்பக்கத்தில், ஒரு சைக்கிள்காரர் ஒற்றைக் காலை ஊன்றி நின்றிருந்தார். பானெட்டை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். “கண்ணு எங்கம்மா இருக்கு?”

அக்கா தலையைத் திருப்பினாள். அப்போதுதான் அவரைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

“இவன் எங்கேருந்து வந்தான்?”

ஆஸ்பத்திரியில் என் முறைக்குக் காத்திருந்தேன். கண்ணை மூடி ஞாயிற்றுக்கிழமையை மறுபடி ஓட்டினேன். குழி: வலக்கை. ஜல்லி: வலக்கை. லாரி சிந்திய மணல்: வலக்கை. அவளுடைய இடக்கை கைப்பிடியை விட்டு ஒருமுறைகூட எழவில்லை. பலகை இடப்பக்கம். நாய் இடப்பக்கம்.

டாக்டர் என் விரல்களை அசைக்கச் சொன்னார். எதற்கு வியர்க்கிறது, வலிக்கிறதா என்றார்.

மார்ச் 17, ஞாயிறு

அத்தான் காருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஞாயிறு அதுதான்: கற்பவர்கள் போட்ட கீறல்களை அழிப்பது. நான் பக்கத்தில் குந்தினேன். இடப்பக்கக் கதவு, பின்கதவு, மட்கார்டு. எங்கும் மெல்லிய கோடுகள்.

“எல்லாம் இந்தப் பக்கமே இருக்கு, அத்தான்.”

“ஓரமா ஓட்டச் சொல்லிக் குடுக்கிறா, உரசத்தான் செய்யும்.”

“அந்தப் பக்கம்?”

அவர் எழுந்து காரைச் சுற்றிப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

குளிர்காலத்தில் ஒருநாள் காலை அவளுக்குத் தலைவலி என்றார். எழுத்தெல்லாம் ஓடுகிறது என்றாளாம். தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது என்றாளாம். அதற்குப் பிறகுதான் கதவு நிலையில் தோள் இடிப்பது, மேஜை ஓரத்து டம்ளர்கள் உடைவது. “டம்ளரை ஏன் இங்க வெச்சீங்கன்னு என்னைத்தான் திட்டுவா. நானும் தப்பு நம்மளோடதுதான்னு நெனச்சுட்டேன்.”

நாங்கள் இருவரும் ஒரே ஜாதி. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

“நீ சொல்லு மாப்ள. நான் சொன்னா காரை என்மேலயே ஏத்திருவா.”

“எனக்கு மட்டும்?”

“உனக்குத்தான் ஏற்கெனவே கட்டுப் போட்டிருக்கே.”

மார்ச் 18, திங்கள்

சொன்னேன். மோசமாகச் சொன்னேன். படித்தவன்போல, மேற்கோள் இல்லாத கட்டுரைபோல, சுற்றி வளைத்து. அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஓஹோ. கை உடைஞ்சதுக்கு ஆள் தேடுறியா?”

“இல்லக்கா –”

“பதினெட்டு வயசுலேருந்து வண்டி ஓட்டுறேன். சைக்கிளை ஒழுங்கா ஓட்டத் தெரியாதவன் என் கண்ணுக்கு வைத்தியம் பாக்குறான்.”

அவள் எதிரே உட்கார்ந்தேன். என் மூக்கையே பார், விரலைத் தூக்குவேன், எத்தனை என்று சொல் என்றேன். சின்னப்பிள்ளை விளையாட்டு என்றாள். இருந்தாலும் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிலும் தோற்கப் பிடிக்காது அவளுக்கு.

என் மூக்கைப் பார்த்தாள். நான் பார்த்தேன், அவள் கண்கள் ஏமாற்றவில்லை. வலக்கையை அவளுக்கு இடப்பக்கம் நீட்டி மூன்று விரல்களை நிமிர்த்தினேன்.

அவள் காத்திருந்தாள். நான் காத்திருந்தேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்தது.

“என்னடா, எப்பத்தான் தூக்கப் போற?”

என் முகத்தில் என்ன கண்டாளோ, தலையைத் திருப்பினாள். மூன்று விரல்கள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நேராக வைத்தாள், மறுபடி திருப்பினாள், மறுபடி நேராக. கதவைத் திறந்து மூடிப் பார்ப்பவள்போல.

“கையை இறக்கு” என்றாள்.

அடுப்பை அணைத்தாள். வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 19, செவ்வாய்

என் அறை அவள் தெருவிலேயே, மாடியில். காலையில் எட்டிப் பார்த்தேன். கூரைப் பலகையுடன் கார் கிளம்பிப் போகிறது.

போகிறாள். தெரிந்தே போகிறாள்.

மார்ச் 20, புதன்

இன்று நடந்ததில் எனக்கும் பங்குண்டு. ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் ஓடிப்போய்க் கார் முன்னால் நின்றேன். அக்கா கண்ணாடியை இறக்கினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

“தையல்காரருக்கு அடுத்த வாரம் டெஸ்ட்டு. பாதியில விட்டா மனுசன் உடைஞ்சுருவாரு. அதுவரைக்கும்தான்டா. நீ பின்னாடி உக்காரு. இடப்பக்கம் ஏதாவது வந்தா சொல்லு. அப்புறம் டாக்டர்கிட்ட போறேன், சத்தியமா.”

ஏறி உட்கார்ந்தேன். ஏன்? அவள் கெஞ்சியது இதுதான் முதல் தடவை. அதற்கு எனக்குப் பயிற்சி இல்லை.

“இடதுல ஸ்கூட்டர்” என்றேன். “இடதுல ஆள்.” தையல்காரர் கண்ணாடியில் என்னை விநோதமாகப் பார்த்தார். “தம்பியும் கத்துக்கிறாரா மேடம்?”

“கத்துக்கிறான்” என்றாள் அக்கா.

கொஞ்ச தூரத்தில் எனக்கே பழகிவிட்டது. அதுதான் பயங்கரம். ஒரு சரியான காரியத்தைச் செய்வதுபோலவே இருந்தது. பள்ளிக்கூடச் சுவரோரம் போகும்போது தையல்காரர் தன் மகளின் கல்யாண உடையைப் பற்றிச் சொன்னார், நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண், நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து சாலையில் இறங்கினாள். இடப்பக்கம்.

நான் சொல்லவில்லை. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

அக்காவின் கால் அசையவில்லை. அவளுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

தையல்காரர்தான் மிதித்தார். மெஷினை மிதிப்பதுபோல், இரண்டு காலாலும். கார் உதறி நின்றது. எஞ்சின் அணைந்தது. அந்தப் பெண் வண்டிக்குமேல் கவிழ்ந்து அதைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, தன் வழியே போனாள். ஒரு கீறல்கூட இல்லை. குழந்தை விழிக்கவேயில்லை என்று நினைக்கிறேன்.

“சரியாப் பிடிச்சேனா மேடம்?” தையல்காரர் குரலில் பயம் இருந்தது. பெருமையும் இருந்தது.

அக்கா முன்கண்ணாடியையே பார்த்தாள்.

“சரியாப் பிடிச்சீங்க அண்ணே. நான்தான் பாக்கல.”

பிறகு அவளே, ஒவ்வொரு சொல்லாக: “எனக்குத் தெரியல. அந்தப் பொண்ணு அங்க இருந்ததே எனக்குத் தெரியல.”

காரை ஓரம் கட்டச் சொன்னாள். சாவியை வாங்கினாள். அதைக் கையில் வைத்திருக்கப் பிடிக்காதவள்போல என் மடியில் போட்டாள். என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காரில் மூன்று பேர். ஒருவருக்கு உரிமம் இல்லை, ஒருவனுக்கு ஓட்டத் தெரியாது, ஒருத்தி ஓட்ட மாட்டேன் என்கிறாள். அத்தானுக்குப் போன் செய்தோம். அவர் ஏதோ கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாராம்.

மூவரும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். தையல்காரர் டீ வாங்கிவந்தார். அக்காவுக்கு இடப்பக்கமாக நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் கை அந்தரத்தில் நின்றது. நான் வாங்கி அவள் வலக்கையில் கொடுத்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது. கொஞ்சம் கழித்து, “டெஸ்ட்டெல்லாம் எப்ப வேணா குடுக்கலாம் மேடம். டெஸ்ட்டு எங்க ஓடிரப் போகுது” என்றார்.

நான் ஏன் ஏறி உட்கார்ந்தேன்? இனி அந்தக் கேள்வியை அவளிடம் தள்ள முடியாது.

மார்ச் 22, வெள்ளி

கண் மருத்துவமனை. வெள்ளைக் கிண்ணம்போல் ஒரு கருவி. அதற்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். எங்கெங்கோ வெளிச்சப் பொட்டுகள் தோன்றும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் மூலையில் உட்கார்ந்து பொத்தான் சத்தத்தைக் கேட்டேன். டிக். டிக். பிறகு நீண்ட அமைதி. பிறகு டிக். அந்த அமைதிகளில் எத்தனை பொட்டுகள் வந்து போயினவோ.

முடிவைக் காட்டினார் டாக்டர். இரண்டு வட்டங்கள், கண்ணுக்கு ஒன்று. இரண்டிலும் இடப்பாதி கறுப்பு.

“கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. கண்ணு அனுப்புறதை மூளையில வாங்கிக்கிற இடத்துலதான் ஏதோ ஆகியிருக்கு. ஸ்கேன் எடுத்துருவோம்.”

“இவ்வளவு கறுப்பா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?” என்றாள் அக்கா. இன்னும் வாதாடுகிறாள்.

“உங்க முதுகுக்குப் பின்னாடி என்ன தெரியுது? கறுப்பாவா இருக்கு?”

அக்கா யோசித்தாள். “ஒண்ணும் தெரியல.”

“அவ்வளவுதான். இடப்பக்கமும் இப்ப உங்களுக்கு முதுகு மாதிரி.”

மார்ச் 25, திங்கள்

ஸ்கேன். மூளையின் பின்புறத்தில், ரத்தக்குழாயில் பழைய அடைப்பு, சின்னது. அந்தத் தலைவலிதான். இன்னொன்று வராமலிருக்க மாத்திரைகள். போன பாதிப் பார்வை திரும்பலாம், பெரும்பாலும் திரும்பாது. வண்டி ஓட்டக் கூடாது.

கடைசி வாக்கியத்தின்போது மட்டும் அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை.

மார்ச் 30, சனி

தன்னிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அவளே போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரில் இன்னொரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது. இத்தனை வருடமாக அவள் வாயில் அதன் பெயர் ‘அந்த அரைகுறை’. எல்லோரையும் அங்கே போகச் சொன்னாள். “நல்லாத்தான் சொல்லிக் குடுப்பான். கிளட்ச்சை மட்டும் அவன் சொல்ற மாதிரி விடாதீங்க, நான் சொன்ன மாதிரி விடுங்க.” காரணம் கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றாள். கண் என்று சொல்லவில்லை.

அத்தான் ஸ்பேனர் எடுத்துப் பலகையைக் கழற்றினார். பலகை இல்லாத கார், சட்டை கழற்றிய போலீஸ்காரர்போல் அசடு வழிந்து நின்றது. இதைச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 6, சனி

அவளோடு கடைக்குப் போனேன். ஒரு முதியவரை இடித்தாள். “ஆள் வர்றது தெரியல?” என்று அவரையே அதட்டினாள். ஒரு சைக்கிள் ஸ்டாண்டை இடித்தாள். அதையும் அதட்டினாள்.

நான் அவளுக்கு இடப்பக்கமாக மாறினேன். “போலீஸ்காரன் கைதியைக் கூட்டிட்டுப் போற மாதிரி ஒட்டிட்டு வராதே. தள்ளிப் போ.”

தள்ளிப் போனேன். அடுத்த கம்பத்தைக் கண்டதும் மறுபடி நெருங்கினேன்.

ஏப்ரல் 13, சனி

கட்டு பிரித்தார்கள். கை வெளிறி, மெலிந்து, வேறு யாருடையதோபோல இருக்கிறது. இது இடக்கையால் எழுதும் முதல் வரி.

ஏப்ரல் 21, ஞாயிறு

அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்காவும் நானும் மட்டும். சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, சட்டையைப் பார்த்தபடியே:

“நீ அன்னிக்கு விழுந்திருக்காட்டா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுல்ல?”

“ம்.”

“நிம்மதியா இருந்திருப்பேன்.”

நானும் ஒரு சட்டையை எடுத்து மடித்தேன். என் மணிக்கட்டு சரியாகத் திரும்பவில்லை. மடிப்பு கோணலாக வந்தது. அவள் அதை என்னிடமிருந்து பிடுங்கி, உதறி, மறுபடி மடித்தாள்.

“அந்தக் குழந்தை வண்டி என்ன கலர்டா?”

“நீலம்.”

“நீலம்” என்றாள். அடுத்த சட்டையை எடுக்கவில்லை. “தூங்குறப்ப எல்லாக் கலர்லயும் வருது.”

அவள் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் அழவில்லை. மூக்கை அந்தச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். அத்தானுடைய சட்டை. “அவருகிட்ட சொல்லாதே” என்று மடித்து மற்றவற்றோடு அடுக்கினாள்.

கிளம்பும்போது வாசலில் கேட்டாள்: “கண் பயிற்சின்னு ஒண்ணு டாக்டர் சொன்னாரே, எங்க அது?”

“பக்கத்து ஊர்ல. ரயில்ல போகணும்.”

“விசாரிச்சு வை.”

ஏப்ரல் 27, சனி

முதல் வகுப்பு. தலையைத் திருப்பக் கற்றுத் தருகிறார்கள். இடப்பக்கம் முழுதாக, தோள்வரை, வேண்டுமென்றே. பிறகு மெல்ல வலப்பக்கம். அறைச் சுவரெங்கும் எண்கள் ஒட்டியிருக்கின்றன. கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் அவளைவிடச் சின்னப் பெண். “இன்னும் திருப்புங்கக்கா, இன்னும்” என்று அதட்டினாள். அக்கா முறைத்தாள். திருப்பினாள்.

வரும் வழியில், “நல்லா அதட்டுறா” என்றாள். அவள் வாயிலிருந்து இது பெரிய சான்றிதழ்.

மே 4, சனி

பயிற்சி முடிந்து ரயிலடியில் காத்திருந்தோம். மாலை, கூட்டம். நான் டிக்கெட்டைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்த ஒரு கணத்தில் அக்கா நகர்ந்தாள். இடப்பக்கமிருந்து வந்தவர்மேல் மோதினாள். அவர் கையிலிருந்த காபி அவருடைய வெள்ளைச் சட்டையில், கழுத்திலிருந்து இடுப்பு வரை.

“என்னங்க இது! கண்ணு தெரியல?”

நான் முன்னால் பாய்ந்தேன். மன்னிக்கணும் சார் என்று ஆரம்பித்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவர் பக்கமாகத் தலையை முழுதாகத் திருப்பினாள், தோள்வரை, சொல்லிக்கொடுத்தபடியே.

“தெரியாதுங்க” என்றாள். “எனக்கு இடப்பக்கம் தெரியாது.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். மணி கேட்டால் சொல்வதுபோல.

அவருடைய கோபத்துக்குக் காலடித் தரை போய்விட்டது. சட்டையைப் பிழிந்துகொண்டே, “ஐயையோ, எனக்குத் தெரியாதுங்க, தெரியாம கேட்டுட்டேன்” என்று அவர்தான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

“பரவால்லைங்க” என்றாள் அக்கா. “எனக்கே ரொம்ப நாளா தெரியாமத்தான் இருந்துச்சு.”

சிரிக்கலாமா என்று அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. அக்கா கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. தேய்ச்சா பரவிரும்.”